ஒரே சாம்பார், இரண்டு கோடுகள்

ஜூன் 9, திங்கள்

ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. கல்லீரலில் கொழுப்பு, இரண்டாம் நிலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. இடுப்புச் சுற்றளவு நாற்பத்திரண்டு அங்குலம். டாக்டர் ஹேமலதா படத்தைப் பேனாவால் தட்டி, "சார், இதெல்லாம் வயித்துக்குள்ள சேர்ந்த கொழுப்பு. மூணு மாசத்துல கொறைச்சுட்டு வாங்க. வீட்ல எல்லாரும் ஒரே மாதிரி சாப்பிடுங்க, அதான் நல்லது" என்றார்.

வீட்டில் எல்லாரும் என்றால், மகள் கோவையில் விடுதியில் இருப்பதால், நானும் துளசிமணியும்தான். விவரம் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. அவள் அப்பா ஐம்பத்திரண்டு வயதில் கல்லீரல் கெட்டு இறந்தவர். அவர் கதை வேறு, அவர் குடித்தார். நான் கோபிசெட்டிபாளையத்தில் இருபத்தோரு வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவன்.

"நாளையிலிருந்து நீயும் என்கூட டயட்" என்றேன்.

"எனக்கெதுக்குங்க? எனக்கு ஒண்ணும் இல்லீங்களே."

எழுபத்தொரு கிலோ இருக்கிறாள், ஒன்றும் இல்லையாம். உள்ளே போவது குறைந்தால் உடம்பும் குறையும், கணக்குக்கு ஆண் பெண் கிடையாது என்று எளிமையாக விளக்கினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "நீங்க ஒழுங்கா இருப்பீங்கன்னா நானும் இருக்கறனுங்க" என்றாள். எனக்கு நிபந்தனையா! சிரிப்பு வந்தது.

ஜூன் 10, செவ்வாய்

எடை பார்க்கும் எந்திரம் ஒன்றும், சமையலறைக்குக் குட்டித் தராசு ஒன்றும் வாங்கியாகிவிட்டது. எனக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரி. அவளுக்கு ஆயிரத்து இருநூறு. அவள் முன்னறையில் தையல் மெஷின் முன் உட்கார்ந்தபடி ரவிக்கை தைப்பவள். நானோ வகுப்பில் நின்று பேசுபவன். தவிர ஆறு மணிக்கு எழுந்து நான் நடக்கப் போகிறேன். அந்த நேரத்தில் அவள் காய் நறுக்கி, எடை போட்டு, எழுதி வைக்க வேண்டும். அது உடற்பயிற்சியில் சேராது.

வரைபடத்தாளில் இரண்டு கோடுகளுக்கு இடம் விட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். என் கோடு நீலம், அவள் கோடு சிவப்பு. துவக்கம்: நான் 88.4. அவள் 71.2.

ஜூன் 15, ஞாயிறு

நான் 86.1. அவள் 70.8.

நீலக்கோடு அருவிபோல் இறங்குகிறது. சிவப்புக்கோடு பவானிசாகர் அணைக்கட்டின் மேலே போகும் ரோடு மாதிரி இருக்கிறது. "முதல் வாரம்தானே, சோர்ந்துபோகாதே" என்று தட்டிக்கொடுத்தேன். "நான் சோரலீங்க" என்றாள்.

ஜூன் 18, புதன்

பி.டி. மாஸ்டர் நாச்சிமுத்து மகனுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஆசிரியர் அறையில் மைசூர்பாகு. மறுப்பது பண்பாடு அல்ல. இரண்டு. சிறியவை.

ஜூன் 22, ஞாயிறு

நான் 85.0. அவள் 70.4.

சமைக்கும்போது எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாளோ என்று பக்குவமாகக் கேட்டேன்.

"உப்பு, புளி பாக்காம எப்படிங்க எறக்கறது?"

பிடித்துவிட்டேன். ஒரு முறைக்குக் கால் கரண்டி, நாளைக்கு ஆறு முறை என்று போட்டுப் பார்த்ததில் வாரத்துக்கு முந்நூறு கலோரி வந்தது. இனி ருசி பார்க்கக் கூடாது என்று விதி செய்தாயிற்று. மத்தியானம் சாம்பாரில் உப்பே இல்லை. ரத்த அழுத்தத்துக்கு நல்லது.

ஜூன் 24, செவ்வாய்

பதினொரு மணி இடைவேளையில் தலைமையாசிரியர் தன் தட்டிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி நீட்டுகிறார். மரியாதைக்காகச் சாப்பிடுவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. பசிக்காகச் சாப்பிட்டால்தானே அது உணவு?

ஜூன் 29, ஞாயிறு

கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. வகுப்பில் கரும்பலகையில் எழுத ஒரு கை, சட்டையோடு பிடித்துக்கொள்ள ஒரு கை என்று ஆகிவிட்டது. துளசிமணி டேப்பைச் சுற்றிப் பார்த்தாள். முப்பத்தொன்பதரை. கால்சட்டை இடுப்பைப் பிடித்துத் தைக்க ஆரம்பித்தாள். வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே பேசுவது அவள் வழக்கம்.

"உங்களுக்கு வயித்துலதானுங்க மொதல்ல கொறையுது. எங்கிட்ட தைக்க வர்ற பொம்பளைங்க பட்டினி கெடந்துட்டு வருவாங்க. முகம் வத்திரும், கழுத்தெலும்பு தெரியும், மார்பு சுத்தளவு ஒரு இஞ்சு எறங்கிரும். இடுப்பும் தொடையும் மட்டும் அசையாதுங்க. இருவது வருசமா அளவெடுக்கறேன்."

"அது உன் அனுபவம். இது விஞ்ஞானம்" என்றேன்.

"சரீங்க. கொஞ்சம் திரும்பி நில்லுங்க."

கால்சட்டை அருமையாகப் பொருந்துகிறது.

ஜூலை 4, வெள்ளி

ஆசிரியர் அறையில் இப்போது நான்தான் பேச்சு. "சென்னியப்பன் சாருக்குப் பத்து வயசு கொறஞ்சிருச்சு" என்கிறார்கள். ஆறு பேர் என் உணவுப்பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து பேர் தங்கள் மனைவிக்கும் சேர்த்து எடுத்தார்கள். நாச்சிமுத்து தன் மனைவிக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் முதல் தேதி பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு, "மனக்கட்டுப்பாடு". தலைமையாசிரியர் இதைச் சொன்னபோது எங்கள் இருவர் வாயிலும் பஜ்ஜி இருந்ததால் தலையசைத்து ஒப்புக்கொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

நான் 83.2. அவள் 69.7.

மனம் கேட்கவில்லை. நாட்டுச்சர்க்கரை டப்பா, நெய் ஜாடி, பொட்டுக்கடலை டின் மூன்றிலும் அவள் தையல் சாக்கட்டியாலேயே அளவுக்கோடு போட்டு வைத்தேன்.

ஜூலை 9, புதன்

மூன்றிலும் கோடு இறங்கவில்லை. மிகவும் சாமர்த்தியசாலி.

ஜூலை 11, வெள்ளி

சிக்கினாள்! அலமாரியில் விருந்தினருக்காக வைத்திருந்த கடலைமிட்டாயில் நான்கு குறைகிறது. கூப்பிட்டுக் கேட்டேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்:

"புதன்கெழமை சாயங்காலம் கரண்ட் போனப்ப நீங்கதானுங்க அலமாரிகிட்ட நின்னுட்டே சாப்பிட்டீங்க."

நடந்திருக்கலாம். நின்றுகொண்டு சாப்பிடுவது மனதில் பதிவதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நான் 82.6. அவள் 69.4.

அவள் அளவை ஆயிரமாகக் குறைத்தேன். இரவு ஒரு இட்லி. வாதம் செய்வாள் என்று மூன்று காரணங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். "உங்களுக்கு நல்லா கொறையுதுங்களா? அப்ப சரி" என்று மட்டும் சொன்னாள். காரணங்கள் வீணாயின.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

தேங்காய் சுடும் நோன்பு. தேங்காய்க்குள் பச்சரிசியும் பாசிப்பருப்பும் எள்ளும் நாட்டுச்சர்க்கரையும் அடைத்து, குச்சியில் குத்தி, வாசலில் தீ மூட்டிச் சுட்டோம். தெரு முழுக்கக் கருகிய தேங்காய் மணம். சாமிக்குப் படைத்ததை மறுக்கக் கூடாது என்பதால் முக்கால் தேங்காய் சாப்பிட்டேன். துளசிமணிக்கு ஒரு துண்டு எடை போட்டுக் கொடுத்தேன். அதையும் பாதியாக உடைத்து வேலி ஓரம் நின்ற அணிலுக்குப் போட்டாள். பசி குறைந்துவிட்டது போல. நல்ல அறிகுறி.

ஜூலை 20, ஞாயிறு

நான் 81.9. முக்கால் தேங்காய்க்குப் பின்னும்! அவள் 69.1.

பகலிலேயே குளிர்கிறது என்று மின்விசிறியை நிறுத்துகிறாள். ஆடிக்காற்று. சீப்பில் கொத்தாக முடி. அது தண்ணீர் மாறியதால் இருக்கும். மூன்றாவது வீட்டு மணப்பெண்ணுக்குத் தைத்த ரவிக்கையில் வலக்கையை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவையாம். பிரித்துத் தைக்கும்போது ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள்.

"நாள் தள்ளிப் போகுதுங்க. அம்பது நாளாச்சு" என்றாள்.

நாற்பத்தொரு வயது. அந்த வயதில் அப்படித்தான் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

நான் 81.2. அவள் 69.1. அதே 69.1. சமன்பாடு சரி. ஆகவே விடைதான் தவறு செய்கிறது. நாளை முதல் எண்ணூறு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கையெழுத்து சரியாக வரவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மாலை நாலு மணிக்குக் கூட்டம். அரங்கம் நிறைந்திருந்தது. துளசிமணி வரவில்லை என்றாள். சிறப்புரையாளரின் மனைவி இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று அழைத்துப்போனேன். முன் வரிசையில், நாச்சிமுத்துவின் மனைவி பூங்கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வரைபடத்தைப் பெரிதாக்கி மேடையில் மாட்டியிருந்தார்கள். நான் கோலால் தொட்டுக்காட்டிப் பேசினேன். "ஒரே வீடு. ஒரே அடுப்பு. ஒரே சாம்பார். ஆனால் கோடுகள் இரண்டு. நீலக்கோடு ஏன் இறங்கியது, சிவப்புக்கோடு ஏன் நின்றது? வித்தியாசம் வயிற்றில் இல்லை, மனதில்!" பலத்த கைதட்டல். சிவப்புக்கோடு யாருடையது என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் முன் வரிசையைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்தாள். வெளியே போகிறாள் என்றுதான் நினைத்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்தாள், நாற்காலியோடு சரிந்தாள்.

பூங்கொடி "அக்கா!" என்று அலறியது மைக்கில் கேட்டது. நான் மேடையிலிருந்து இறங்கினேன். முடிவுரையை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன் என்று நாச்சிமுத்து சொல்வது மிகை. ஒரு வாக்கியம்தான்.

தூக்கியபோது அவள் கை லேசாக இருந்தது. அந்தக் கையின் எடையை நான் குறித்ததே இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

மருத்துவமனை. குளுக்கோஸ் ஏறுகிறது. டாக்டர் ஹேமலதா ரத்தப் பரிசோதனைத் தாள்களோடு வந்தார்.

"சர்க்கரை ரொம்ப எறங்கிப் போச்சு. ரத்தம் கம்மி. தலைமுடி, மாதவிலக்கு, ஒண்ணுவிடாம கேட்டுட்டேன். இவங்களை டயட் இருக்கச் சொன்னது யாரு?"

"நீங்கதான் டாக்டர். வீட்ல எல்லாரும் ஒரே மாதிரி சாப்பிடச் சொன்னீங்க."

"உங்களுக்குன்னு தனியா ஒரு சமையல், இவங்களுக்கு ஒரு சமையல்னு இவங்க ரெண்டு தடவை அடுப்புல நிக்க வேண்டாமேன்னு சொன்னேன் சார். இவங்களைக் கொறைக்கச் சொன்னேனா?"

சுவரில் ஒரு நாட்காட்டி இருந்தது. அதைப் பார்த்தேன்.

"நான் நல்லாக் கொறைஞ்சேன். இவ கொறையலை. அதனால..."

"அதனால இன்னும் கொறைச்சீங்க." டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஆம்பளைகளுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயித்துக்குள்ள, கல்லீரல், குடலைச் சுத்தி சேரும். சாப்பாட்டைக் கொறைச்சா மொதல்ல கரையறதும் அதுதான். எடை கடகடன்னு எறங்கும். பொம்பளைகளுக்கு இடுப்புலயும் தொடையிலயும் தோலுக்கு அடியில சேரும். கொழந்தைய சுமக்க, பால் குடுக்க ஒடம்பு எடுத்து வெச்சிருக்கற சேமிப்பு அது. லேசுல எடுத்துத் தராது. ரொம்பப் பட்டினி போட்டா, பஞ்சம் வந்துருச்சுன்னு நெனச்சு மத்த செலவையெல்லாம் நிறுத்தும். முடி, மாதவிலக்கு, ஒடம்புச் சூடு, எல்லாம். ஆளுக்கு ஆள் மாறும். ஆனா பொதுவா இப்படித்தான்."

"அப்ப கணக்கு..."

"கணக்கு சரி சார். ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கப் போட்டது தப்பு. இவங்க தொடையில இருந்தது இவங்களை ஒண்ணும் பண்ணலை. இவங்க கல்லீரலும் ரத்தக்கொழுப்பும் அப்பவும் நல்லாத்தான் இருந்திருக்கும், இப்பவும் நல்லா இருக்கு. ஆபத்து உங்க வயித்துல இருந்துச்சு. அதை எறக்குனது நீங்களா, காலைல எந்திரிச்சு அளந்து அளந்து சமைச்சவங்களான்னு வீட்ல போய் யோசிங்க."

டாக்டர் போனதும் துளசிமணி கண்ணைத் திறந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"பேச்சு முடிஞ்சுதுங்களா?"

"ம்."

"கடைசில கை தட்டுனாங்களா?"

"இல்ல."

போர்வையை இழுத்து விட்டேன். பிறகு அவளே, "அம்பத்தி மூணு நாளுங்க. நீங்க சொன்னப்பறம் உப்புகூட பாக்கலை" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"ஏன் துளசி, முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எங்கப்பனுக்குப் பத்தியம்னு அம்மா கஞ்சி மட்டும் வெச்சுக் குடுத்தா. கூட உக்காந்து குடிக்க ஆளில்லைன்னு அவரு எந்திரிச்சுச் சாராயக்கடைக்குப் போயிட்டாருங்க. நீங்களும் தனியா இருந்தா விட்டுருவீங்கன்னுதான் நானும் இருந்தேன்."

பஜ்ஜியைப் பற்றி அப்போது சொல்லியிருக்க வேண்டும். நர்ஸ் வந்துவிட்டார். நர்ஸ் போன பிறகும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

வீடு வந்துவிட்டோம். சொல்லிவிட்டேன். பஜ்ஜி, மைசூர்பாகு, நாச்சிமுத்து வாங்கிவரும் தேங்காய் பன், எல்லாவற்றையும். தினமுமா என்று கேட்டாள். சனி, ஞாயிறு பள்ளி கிடையாது என்றேன்.

அவள் அழுவாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கொடுத்தேன். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாலைவரை எழவில்லை. ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த தாளை நான் கிழிக்கப் போனபோது மட்டும், "அது இருக்கட்டுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

பூங்கொடி பார்க்க வந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. இவளும் என் பட்டியலில்தான் இருக்கிறாள். இயற்பியல் ஆசிரியர் மனைவிக்கு இரண்டு முறை தலைசுற்றலாம். நூலகர் வீட்டில் சண்டையாம். ஆறு வீடு. பட்டியலில் இருக்கும் எல்லா ஆண்களின் கோடும் இறங்கியிருக்கிறது. எல்லா வீட்டிலும் பெண்கள் திருடித் தின்பதாக விசாரணை நடக்கிறது.

அவள் போனதும் துளசிமணி சொன்னாள்: "நீங்க குடுத்ததை நீங்களே போய் வாங்கிட்டு வாங்க."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆறு வீடும் ஏறி இறங்கினேன். ஆண்கள் யாரும் தாளைத் தர விரும்பவில்லை. "நல்லாத்தானே சார் போகுது?" என்றார் நூலகர், தளர்ந்த கால்சட்டையைப் பிடித்தபடி. உள்ளே இருந்து அவர் மனைவி வந்து தாளைக் கொடுத்தார். ஏற்கெனவே நான்காகக் கிழித்திருந்தார்.

நாச்சிமுத்து வீட்டு வாசலில் நின்று பூங்கொடியிடம் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"மனசுல கட்டுப்பாடு இல்லைன்னு எங்களைச் சொன்னப்ப மைக்கப் புடிச்சு சொன்னீங்க சார். இப்ப மட்டும் செருப்பக் கழட்டாம வாசல்ல நின்னு மெதுவா சொல்றீங்க."

நாச்சிமுத்து நிலைப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர் குடும்பங்கள் எல்லாரும் மைதானத்தில். நன்றியுரை என் பொறுப்பு என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மைக்கைப் பிடித்ததும் பழக்கதோஷத்தில், "உடலியல் நோக்கில் பார்க்கும்போது" என்று ஆரம்பித்தேன். மூன்றாவது வரிசையில் துளசிமணி சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிறுத்திவிட்டேன்.

"போன கூட்டத்துல ஒரு வரைபடம் காட்டினேன். சிவப்புக்கோடு என் மனைவியோடது. அவங்க ஐம்பத்து மூணு நாள்ல ஒரு நாள்கூட விதியை மீறலை. மீறினது நான். தினமும் பதினொரு மணிக்கு பஜ்ஜி சாப்பிட்டேன். அப்படியும் எனக்குக் குறைஞ்சது, ஏன்னா ஆம்பளை உடம்பு அப்படி. அதுல என் பெருமை ஒண்ணும் இல்ல. என் பட்டியலை வெச்சு வீட்ல யாரையும் சந்தேகப்பட்டிருந்தா, அந்தப் பாவமும் எனக்குத்தான்."

தலைமையாசிரியர் தலையை நிமிர்த்திக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ புதிதாக எழுதியிருப்பதுபோல. பத்தாம் வகுப்புப் பக்கம் யாரோ "பஜ்ஜி" என்று சொல்ல, சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. இனி பணி ஓய்வு வரை எனக்குப் பெயர் அதுதான்.

பெண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. பூங்கொடி மட்டும் ஒரு மிட்டாயைப் பிரித்து, என்னைப் பார்த்தபடியே வாயில் போட்டுக்கொண்டாள்.

வீடு வரும் வழியில் துளசிமணி கேட்டாள், "ஆம்பளை உடம்பு அப்படின்னு சொன்னீங்களே, அதென்ன, அங்கயும் கொஞ்சம் பெருமை வெச்சுட்டீங்க போல?"

யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று என் சமையல். ஆறு மணிக்கு நடக்கப் போகவில்லை. கம்பு தோசை, தக்காளிச் சட்னி. முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது, இரண்டாவது இலங்கை வரைபடம். உப்புப் பார்த்தேன். ஒரு முறை போதவில்லை, நான்கு முறை பார்த்தேன். பார்க்காமல் எப்படி இறக்குவது?

துளசிமணி மெஷினை விட்டு எழுந்து வந்து தட்டு முன் உட்கார்ந்தாள். எடை எந்திரம் மூலையில் நின்றது. இன்று ஞாயிறு என்று இருவருக்கும் தெரியும். இருவரும் ஏறவில்லை. சாப்பிட்டாள். மறுபடி வைத்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்னியில் காரம் கூடுதல் என்றாள். நெய் கேட்டாள், கொண்டுவந்து ஊற்றினேன். போதும் என்று அவள் சொல்லும் வரை ஊற்றினேன்.

அப்புறம் தட்டை நகர்த்தி, இன்னொரு தோசை கேட்டாள். அவள் எத்தனை சாப்பிட்டாள் என்று நான் எண்ணவில்லை.

அது நான்காவது தோசை.